மல்யுத்த ஷோவில் கூட்டத்துக்கு என்ன வேலை?

அமெரிக்காவின் மல்யுத்தக் கேளிக்கை கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ நடத்தும் ஷோவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அதெல்லாம் செட்டப்தானே, அதுக்குப் போய் இவ்வளவு காசா?"

ஆமாம், செட்டப்தான். யார் ஜெயிப்பார், எப்படி ஜெயிப்பார் என்பதெல்லாம் ரிங்குக்குள் கால் வைக்கும் முன்பே முடிவாகியிருக்கும். ஒரு காலத்தில் இதை வெளியில் சொல்லவே மாட்டார்கள். ரிங்கில் பகைவர்களாக இருக்கும் இருவர் ஊருக்குள் ஒரே காரில் போவதைக்கூட யாரும் பார்த்துவிடக் கூடாது. அப்படிக் கட்டிக்காத்த பாவனைக்குத் தொழில்காரர்கள் வைத்த பெயர் 'கேஃபேப்'. 1989-ல் டபிள்யூடபிள்யூஇ கம்பெனியே (அன்று அதன் பெயர் டபிள்யூடபிள்யூஎஃப்) அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டில், இது போட்டி விளையாட்டு அல்ல, கேளிக்கை நிகழ்ச்சிதான் என்று ஒத்துக்கொண்டது. திடீரென்று மனசாட்சி விழித்துக்கொண்டதெல்லாம் இல்லை. குத்துச்சண்டை மாதிரியான போட்டிகளை மேற்பார்வை செய்யும் மாநில ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் தொலைய வேண்டும், அவ்வளவுதான்.

முடிவு தெரிந்த சண்டையை எதற்குப் பார்க்க வேண்டும்? வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துரியோதனன் சாகப்போகிறான் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஜனங்கள் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறார்கள். படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைப் பெண்கள் துடைப்பத்தால் மொத்துகிறார்கள். அந்தக் கோபம் பொய் என்று யாராவது சொல்வார்களா? ரெஸ்லிங் அரங்கமும் அந்த வகைதான். கதையின் முடிவு எழுதப்பட்டிருக்கும், ஆனால் கூட்டத்தின் கத்தலை யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. நேரில் போகிறவருக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

நாலு வார்த்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். கதையில் நல்லவன் 'ஃபேஸ்', கெட்டவன் 'ஹீல்'. நல்லவன் வரும்போது அரங்கம் அதிர எழும் ஆரவாரம் 'பாப்'. கெட்டவன் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வசவும் கூச்சலும் 'ஹீட்'. புதிதாகப் போகிறவர்களுக்கு முதலில் பிடிபடாதது இந்த ஹீட்தான். கெட்டவனை நோக்கி நீங்கள் "பூ..." என்று கத்தினால் அது அவருக்கு அவமானம் அல்ல, சம்பளம். அதைச் சம்பாதிக்கத்தான் அவர் ஊரைத் திட்டுகிறார், உள்ளூர் கால்பந்து அணியைக் கேலி செய்கிறார், நடுவரின் முதுகுக்குப் பின்னால் கண்ணில் விரலை விடுகிறார். ஒரு ஹீலுக்குக் கிடைக்கக்கூடிய மிக மோசமான வரவேற்பு அமைதிதான். எல்லோரும் பாப்கார்ன் வாங்க எழுந்து போய்விட்டால் அவருடைய வேலைக்கே ஆபத்து.

சரி, கூட்டம் கத்துவதால் ரிங்கில் என்ன மாறிவிடும்? நிறைய மாறும். முடிவும் சில முக்கியமான கட்டங்களும் முன்பே பேசி வைத்தவை. இடையில் வருவதைப் பல நேரம் ரிங்குக்குள்ளேயே ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுத்துத் தீர்மானித்துக்கொள்வார்கள். நடுவரும் கதையில் ஒரு கைதான். நேரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற செய்தியை மேடைக்குப் பின்னாலிருந்து காதுக்கருவியில் வாங்கி, இருவருக்கும் சொல்லிவிடுவார். அனுபவசாலி ரெஸ்லர் ஒரு காதை எப்போதும் கூட்டத்தின் பக்கம் வைத்திருப்பார். சத்தம் ஏறினால் இன்னும் கொஞ்சம் இழுப்பார், அடங்கினால் சட்டென்று வேகம் கூட்டுவார்.

இதை நேரில் உணர இரட்டையர் போட்டியைவிட நல்ல பாடம் கிடையாது. அதன் எலும்புக்கூடு பெரும்பாலும் ஒன்றுதான். நல்லவர்கள் இருவரில் ஒருவரைக் கெட்டவர்கள் தங்கள் மூலைக்கு இழுத்துப்போய் மாறி மாறி அடிப்பார்கள். கையைத் தொட்டால்தான் ஆள் மாற முடியும் என்பதால், கூட்டாளி எதிர்மூலையில் கையை நீட்டிக்கொண்டு, கயிற்றைத் தட்டிக்கொண்டு நிற்பார். அவருடன் சேர்ந்து கூட்டமும் கைதட்டும். அடிபடுபவர் தவழ்ந்து தவழ்ந்து வருவார், விரல் படப்போகும் நேரத்தில் காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். மறுபடி தவழ்வார். இந்தமுறை கை பட்டுவிடும், ஆனால் நடுவர் அந்நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பியிருப்பார், அதனால் செல்லாது. அரங்கம் கொதிக்கும். கடைசியில் ஒருவழியாகக் கை பட்டு, புது ஆள் உள்ளே பாய்ந்து எல்லோரையும் தூக்கி வீசும்போது அரங்கம் அதிரும். அந்த ஆள் மாற்றத்துக்குப் பெயர் 'ஹாட் டேக்'. உலகத்தில் ஆயிரக்கணக்கான தடவை நடந்த அதே கட்டம்தான். தெரிந்தே போய் உட்கார்ந்தாலும் அந்த நொடியில் எழுந்து நிற்காதவர்கள் குறைவு. கூட்டம் இல்லாமல் இந்தக் கட்டத்தை நடத்திப் பார்த்தால் அது வெறும் ஓட்டப் பயிற்சி.

கூட்டம் ஒரு போட்டியையே புரட்டிப்போட்ட கதைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 2002 மார்ச் 17 அன்று கனடாவின் டொரோண்டோவில், ஸ்கைடோம் அரங்கில் நடந்த ரெஸ்ல்மேனியா, கம்பெனியின் வருடாந்திரப் பெரிய ஷோ. ராக் நல்லவன், ஹல்க் ஹோகன் கெட்டவன். அப்படித்தான் எழுதியிருந்தார்கள். சாதாரணக் கெட்டவனும் அல்ல. ராக் கிடந்த ஆம்புலன்சின் மேல் ஹோகன் லாரியையே மோதியதாக அதற்கு முந்தைய வாரங்களில் காட்டியிருந்தார்கள். ஆனால் டொரோண்டோவில் வந்து உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் எண்பதுகளில் ஹோகனைப் பார்த்து வளர்ந்தவர்கள். 48 வயது ஹோகன் ரிங்கில் நின்றதும் அவர்களுக்கு ஆம்புலன்சும் நினைவில்லை, லாரியும் நினைவில்லை. ஹோகனுக்கு ஆரவாரம், ராக்குக்குக் கூச்சல்.

இருவரும் நேருக்கு நேர் நின்று, தலையைத் திருப்பி இந்தப் பக்கக் கூட்டத்தையும் அந்தப் பக்கக் கூட்டத்தையும் பார்க்கும் காட்சி இன்றும் இணையத்தில் கிடைக்கும். போட்டிக்கு நடுவிலேயே ஹோகன் பழைய நாயகனாக மாறினார், ராக் கொஞ்சம் கெட்டவனின் சாயலில் ஆடினார். முடிவு மாறவில்லை, ராக்தான் ஜெயித்தார். ஆனால் அதன் பிறகு ஹோகனைக் கெட்டவனாக வைத்திருக்க முடியவில்லை. பழைய சிவப்பு மஞ்சள் உடைக்குத் திரும்பிய அவர், அடுத்த மாதமே சாம்பியனும் ஆனார். டொரோண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு தகவல்: அந்த ஸ்கைடோம்தான் இன்றைய ரோஜர்ஸ் சென்டர். அதே கூரைக்குக் கீழேதான் 2025 மார்ச் 1 அன்று, இருபது வருடத்துக்கும் மேலாக நல்லவனாகவே இருந்த ஜான் சீனா கெட்டவனாக மாறினார்.

டொரோண்டோவில் கூட்டம் ஒரே இரவில் சாதித்ததை, டேனியல் பிரையன் என்ற ரெஸ்லர் விஷயத்தில் மாதக்கணக்கில் போராடிச் சாதித்தது. சின்ன உருவம், தாடி, இரண்டு கைகளையும் மேலே குத்திக் குத்தி "யெஸ்! யெஸ்!" என்று கத்துவார். அரங்கம் முழுக்கச் சேர்ந்து கத்தும். கம்பெனியின் திட்டத்தில் அவர் உச்ச நட்சத்திரம் இல்லை. 2014 ஜனவரியில் பிட்ஸ்பர்கில், முப்பது பேர் ஒவ்வொருவராக ரிங்கில் இறங்கும் ராயல் ரம்பிள் போட்டியில் முப்பதாவது ஆளாக அவர் வருவார் என்று கூட்டம் காத்திருந்தது. வந்தவர் ரே மிஸ்டீரியோ. உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குப் பிடித்த முகமூடிக்காரர், யாரும் வெறுக்காத மனிதர். அவரைப் பார்த்து அரங்கமே "பூ..." என்றது. பாவம், அவர் என்ன செய்வார். அந்த ரம்பிளை ஜெயித்த பட்டிஸ்டாவுக்கும் அதே மரியாதைதான். திட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸ் ரெஸ்ல்மேனியாவில் முதல் போட்டியில் டிரிபிள் எச்சையும், கடைசிப் போட்டியில் ராண்டி ஆர்ட்டனையும் பட்டிஸ்டாவையும் வென்று பிரையன் சாம்பியன் ஆனார். அதே இரவில்தான் அண்டர்டேக்கரின் 21 ரெஸ்ல்மேனியா வெற்றி வரிசையை பிராக் லெஸ்னர் முடித்துவைத்தார். அப்போது பெரிய திரையில் 21-1 என்று எழுத்து விழ, வாயைப் பிளந்தபடி உறைந்துபோன ரசிகர்களின் முகங்களை கேமரா காட்டியது. அந்தப் போட்டியில் என் நினைவில் நிற்பது அடியோ உதையோ அல்ல, அந்த முகங்கள்தான்.

எதிர்ப்பக்கத்துச் சான்றும் உண்டு. 2020-ல் கொரோனா வந்ததும் ரெஸ்ல்மேனியாவை ஃப்ளோரிடாவில் ஒரு பயிற்சிக் கூடத்தில், ஒரு ரசிகர்கூட இல்லாமல் நடத்தினார்கள். அதே ஆட்கள், அதே அடிகள். ஆனால் ஒருவர் கர்வத்தோடு நடந்துவந்து கையைத் தூக்கி நிற்க, எதிரே காலி நாற்காலி இருந்தால் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. சில மாதம் கழித்து, வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் முகங்களை ரிங்கைச் சுற்றித் திரைகளில் காட்டி, பதிவுசெய்த ஆரவாரத்தைச் சேர்த்துச் சமாளித்தார்கள். பொய்ச் சண்டைக்கும் நிஜக் கூச்சல் தேவை என்பது அந்தக் காலத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

இனி நடைமுறைக்கு வருவோம். நேரில் போனால் முதலில் தாக்குவது வர்ணனை இல்லாத வெறுமை. யார் என்ன பிடி போட்டார், ஏன் கோபம் என்று காதில் சொல்ல ஆள் இல்லை. அதற்குப் பதில் வேறு சத்தங்கள் கேட்கும். ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, மேலே மெல்லிய மெத்தை, அதற்குமேல் கான்வாஸ். நூறு கிலோ ஆள் முதுகால் விழும்போது பலகை எழுப்பும் ஓசை டிவியில் வருவதைவிடக் கனமாக வந்து விழும். வெறும் நெஞ்சில் உள்ளங்கையால் ஓங்கி அறைவதும் நிஜ அறைதான். பக்கத்தில் இருந்தால் தோல் சிவப்பதே தெரியும்.

இருக்கை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பெரிய கேமரா ஒரு பக்கம் நிலையாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் நீங்கள் டிவியில் தெரிவீர்கள், ஆனால் ரெஸ்லர்கள் கேமராவைப் பார்த்தே நடிப்பதால் உங்களுக்கு அதிகம் கிடைப்பது அவர்களின் முதுகு. முகம் பார்க்க வேண்டுமென்றால் கேமரா இருக்கும் பக்கம் எடுங்கள். ரிங்கைச் சுற்றித் தரையில் போட்டிருக்கும் நாற்காலிகள்தான் விலை அதிகம். முதல் இரண்டு மூன்று வரிசை கிடைத்தால் சரி. அதற்குப் பின்னால் என்றால் முன்னால் இருப்பவர் எழுந்தவுடன் உங்களுக்குத் தெரிவது அவருடைய டி-ஷர்ட் மட்டும்தான். குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் படிக்கட்டாக உயரும் கீழ் அடுக்கு எவ்வளவோ மேல்.

டிவி ஒளிபரப்பு உள்ள ஷோவில் விளம்பர இடைவேளை உங்களுக்கும் உண்டு. ரிங்கில் ஒருவர் இன்னொருவரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா கிடந்தால், பெரும்பாலும் வீட்டில் விளம்பரம் ஓடுகிறது என்று பொருள். கேமரா இல்லாத 'ஹவுஸ் ஷோ'வில் இந்தத் தொல்லை இல்லை. அதில் கதை பெரிதாக நகராது, சாம்பியன் பட்டம் கைமாறுவதும் அபூர்வம். ஆனால் ரெஸ்லர்கள் நிதானமாக இருப்பார்கள், கூட்டத்தோடு வம்பு பேசுவார்கள், குழந்தைகளுக்குக் கை கொடுப்பார்கள். முதல்முறை போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கோஷங்கள் பழகப் பழக வந்துவிடும். 2025-ல் ஓய்வுபெற்ற ஜான் சீனாவுக்கு அரங்கில் பாதிப்பேர் "லெட்ஸ் கோ சீனா" என்றும் மீதிப்பேர் உடனே "சீனா சக்ஸ்" என்றும் தாளம் தப்பாமல் மாறி மாறிக் கத்தியது கேட்கவே சுகமாக இருந்தது. திட்டுகிறவர்களும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள் என்பது சீனாவுக்கும் தெரிந்திருந்தது. 2023-ல் மறைந்த ரெஸ்லர் பிரே வயட் இருட்டில் லாந்தர் விளக்கோடு வந்தபோதெல்லாம் ஆயிரக்கணக்கான செல்போன் வெளிச்சங்கள் மின்மினியாக அசைந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ரசிகர்களே தொடங்கி வைத்த பழக்கம் அது. ரெஸ்லர் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் 2001 வாக்கில் ஆரம்பித்த "வாட்?" மட்டும் எனக்கு ஆகாது. யார் மைக் பிடித்தாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "வாட்? வாட்?" என்றால் பேசுபவர் எப்படிப் பேசுவார்?

கூட்டத்துக்கு வேலை இருக்கிறது என்பதால் கூட்டம்தான் ஷோ என்று ஆகிவிடாது. 2017-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த சம்மர்ஸ்லாம் ஷோவில் சில ரசிகர்கள் போட்டியைப் பார்க்காமல் கடற்கரைப் பந்தைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சண்டையில் இருந்த சிசாரோ நேராகக் கூட்டத்துக்குள் ஓடி, அந்தப் பந்தைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டார். அவர் அந்தப் போட்டியில் ஹீல்தான். ஆனால் அரங்கம் அவரைக் கொண்டாடியது! தடுப்பைத் தாண்டுவது வேறு ரகம். 2021 நவம்பரில் அதே அரங்கில் ஒருவர் தாண்டிக் குதித்து, நடந்துபோய்க்கொண்டிருந்த செத் ராலின்ஸை இழுத்துத் தள்ளினார். அவருக்குக் கிடைத்தது கைது. கெட்டவனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அவர் குடும்பம், உடல், நிறம் பற்றிப் பேசக் கூடாது. எதையும் எறியக் கூடாது.

எறியலாம் என்று இருக்கும் இடங்களும் உண்டு என்பது வேடிக்கை. தோக்கியோவில் கோராகுவென் ஹால் என்று ஒரு கூடம், 1962-ல் திறந்தது. சுமார் 2,000 பேர் உட்காரலாம், எங்கிருந்து பார்த்தாலும் ரிங் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். அங்கே ரெஸ்லரின் பெயரை அறிவிக்கும்போது, ரசிகர்கள் அவருக்குரிய நிறத்தில் காகித நாடாச் சுருள்களை ரிங்கை நோக்கி வீசுவார்கள். நடுவில் இருக்கும் கெட்டியான குழலை முன்பே எடுத்துவிட வேண்டும், யார் மேலும் பட்டுவிடக் கூடாது அல்லவா. சில நொடி ரிங் முழுக்க வண்ண நாடா. பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் ஓடிவந்து வாரிக்கொண்டு போவார்கள், மணி அடிக்கும். அப்புறம் ஜப்பானியக் கூட்டம் கூர்ந்து கவனிக்க ஆரம்பித்துவிடும். அமெரிக்கப் பழக்கத்தோடு போகிறவர்கள் இந்த அமைதியைப் பார்த்து, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. நல்ல ஒரு பிடியை முறித்து வெளியே வந்தால் அதற்கென்று தனியாகக் கைதட்டு கிடைக்கும்.

மெக்சிகோ நகரம் இதற்கு நேர் எதிர். அங்கே இது லூச்சா லிப்ரே. 1933-ல் சால்வடோர் லுத்தெரோத் தொடங்கிய கம்பெனி இன்றும் நடக்கிறது. அதன் தாய்வீடான அரேனா மெக்சிகோ 1956-ல் திறந்தது. வெள்ளிக்கிழமை இரவு அங்கே போனால் வாசலிலேயே வரிசையாக முகமூடிக் கடைகள். நல்லவர்கள் 'டெக்னிகோ', முரடர்கள் 'ரூடோ'. முரடர்களுக்கென்றே விசுவாசமான ரசிகர்கள் இருப்பதால் வசவும் வாழ்த்தும் இரண்டு பக்கமும் பறக்கும். பாட்டிமார்கள் எழுந்து நின்று திட்டுவதைக் காணலாம். உச்சக்கட்டம் முகமூடிக்கு முகமூடி பந்தயம். தோற்றவர் அங்கேயே முகமூடியைக் கழற்றி, தன் உண்மைப் பெயரையும் எத்தனை வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். 2000 மார்ச்சில் அட்லாண்டிஸிடம் மூன்றாம் வில்லானோ தோற்றது இன்றும் பேசப்படும் போட்டி. முடிவை முன்பே எழுதியிருந்தாலும், பல வருடம் மறைத்த முகம் வெளிச்சத்துக்கு வருவது நிஜமாகவே நடக்கிறது. பெரும் நட்சத்திரமான எல் சாண்டோ 1984-ல் இறந்தபோது வெள்ளி முகமூடியோடுதான் புதைத்தார்கள். நல்ல போட்டி முடிந்தால் அங்கே கூட்டம் ரிங்குக்குள் காசு வீசும். அதைப் பொறுக்கிக்கொள்வது ரெஸ்லருக்குக் கௌரவம்.

இந்தியாவில் வாய்ப்பு எப்போதாவதுதான் வருகிறது. 2017 டிசம்பரில் தில்லியில் டிரிபிள் எச், ஜிந்தர் மஹாலை வென்றார். அதன்பின் கிட்டத்தட்ட ஆறு வருடம் கழித்து 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரு ஷோ நடந்தது. ஜான் சீனா இந்தியாவில் முதன்முறையாகச் சண்டை போட்டது அன்றுதான். செத் ராலின்ஸோடு ஜோடி சேர்ந்து இரட்டையர் போட்டியில் இறங்கினார். மேலே சொன்ன அதே எலும்புக்கூடு, அதே ஹாட் டேக். அடுத்தமுறை இந்தியாவில் எந்த ஊரில் வந்தாலும் டிக்கெட்டோடு அறையும் ரயிலும் சேர்த்துப் பதிவுசெய்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கடைசிப் போட்டி முடிந்ததும் பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து எழுந்து ஓடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒளிபரப்பு உள்ள ஷோ என்றால் கேமரா அணைந்த பிறகும் பல சமயம் இன்னும் ஒரு போட்டி நடக்கும், அல்லது நட்சத்திரம் மைக்கைப் பிடித்து ஊர்க்காரர்களிடம் நாலு வார்த்தை பேசுவார். அது டிவியில் வராது. உட்கார்ந்திருங்கள், கார் எங்கேயும் போய்விடாது.